பஞ்சுக்கும் பருத்திக்கும் ஒரே எம்.பி.

2022 ஏப்ரல் 2ஆம் தேதி இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தின்படி, ஆண்டுக்கு 51,000 டன் ஆஸ்திரேலியப் பஞ்சு சுங்க வரி இல்லாமல் இந்தியாவுக்குள் வரலாம். 170 கிலோ பேல் கணக்கில் 3 லட்சம் பேல். அந்த ஒப்பந்தத்தை ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் ஒப்பந்தங்கள் குழு ஆராய்ந்தது. நவம்பரில் அதற்கான சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதன் பிறகே டிசம்பர் 29இல் அது நடைமுறைக்கு வந்தது. நம் நாடாளுமன்றத்தில் அதன் மீது வாக்கெடுப்பு நடக்கவில்லை, நடக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வெளிநாட்டு ஒப்பந்தங்களைச் செய்துகொள்வது ஒன்றிய அரசின் நிர்வாக அதிகாரத்துக்குள் அடங்கியது என்பதே நமது அரசமைப்பின் ஏற்பாடு. புதிய சட்டம் தேவைப்பட்டால் மட்டும் அவைக்கு வர வேண்டும். சுங்க வரி மாற்றத்துக்கோ ஓர் அறிவிக்கை போதும். பிறகு அதன் நகலை அவையில் வைத்துவிடலாம். 2025 ஜூலை 24இல் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தத்திலும் இதே கதைதான். அவர்கள் சட்டப்படி, ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தின் முன் 21 அமர்வு நாள்கள் வைத்த பிறகே உறுதிசெய்ய முடியும். இங்கே அமைச்சரவை ஒப்புதலோடு வேலை முடிந்தது.

ஆகவே வர்த்தகக் கொள்கையிலும் வெளிநாட்டு உதவியிலும் ஓர் எம்.பி.யின் கையில் மிஞ்சியிருக்கும் உருப்படியான கருவி கேள்விதான். சாலை, ரயில், குடிநீர் என்றால் அமைச்சரைப் பார்க்கலாம், மனு கொடுக்கலாம், ஆய்வுக் கூட்டத்தில் அதிகாரிகளைக் கேட்கலாம். பஞ்சு வரியைப் பற்றி எந்த ஆய்வுக் கூட்டத்தில் கேட்பது? 2024இல் தென்காசி தனித் தொகுதியிலிருந்து முதல் முறையாக மக்களவைக்குச் சென்றவர் திமுகவின் மருத்துவர் ராணி ஸ்ரீகுமார். அவரைப் போன்ற ஒரு புதிய உறுப்பினர் பொருளாதாரம், வர்த்தகம், வெளிநாட்டு உதவி ஆகியவற்றைப் பற்றி எதைக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதைத் தொகுதியிலிருந்தே யோசித்துப் பார்க்கலாம்.

அருவியும் காசி விசுவநாதர் கோயில் கோபுரமும்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தென்காசி. ஆனால், இந்தத் தொகுதியில் ராஜபாளையம் நூற்பாலைகள் இருக்கின்றன. சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி இருக்கிறது. சங்கரன்கோவிலின் விசைத்தறிகள், திருவேங்கடம் பக்கத்துத் தீப்பெட்டி ஆலைகள், புளியங்குடி எலுமிச்சை, வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் கடையநல்லூர் எல்லாம் இருக்கின்றன. மத்தளம்பாறையில் உட்கார்ந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். உலக வர்த்தகத்தோடு இந்த ஊர்களுக்கு உள்ள தொடர்பு புதிதும் அல்ல. டச்சுக்காரர்களிடமிருந்து மலுக்குத் தீவுகளைப் பறித்த கிழக்கிந்திய கம்பெனி, அங்கிருந்து கிளம்பிய கிராம்பை இந்தியாவில் பயிராக்கிப் பார்த்தது 1800 வாக்கில் குற்றாலத்து மலைச்சரிவில்தான். டச்சு ஏகபோகத்தை உடைக்கும் ஒரு வர்த்தகக் கொள்கையின் நாற்றங்கால் அது. உலக வர்த்தகத்துக்கும் குற்றாலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இருநூறு ஆண்டு தாமதமாகக் கேட்கிறார்கள்.

பஞ்சு விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். 2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பஞ்சுக்கு, எல்லாம் சேர்த்து 11% வரி போடப்பட்டது. 2022இல் நூல் விலை எகிறியபோது சில மாதங்கள் விலக்கு தந்தார்கள். அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50% வரை வரி விதித்த 2025 ஆகஸ்ட்டில் மீண்டும் விலக்கு வந்தது. முதலில் செப்டம்பர் 30 வரை, பிறகு டிசம்பர் 31 வரை. ராஜபாளையத்து ஆலைக்காரர்களுக்கு இது நல்ல சேதி. அதே தொகுதியின் கரிசல் காட்டில் மழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் பருத்தி விதைப்பவருக்கு அப்படியல்ல. அவர் காட்டில் பருத்தி வெடித்து எடுப்புக்கு வருவது தை, மாசிக்கு மேல்தான். டிசம்பருக்குள் ஆலைகள் வரியில்லாப் பஞ்சை வாங்கி அடுக்கிக்கொண்டால், மாசியில் கமிஷன் கடைக்கு வரும் பருத்திக்கு என்ன விலை கிடைக்கும்? விலக்கு டிசம்பரோடு முடிந்தது, அறுவடை அதற்குப் பிறகுதானே என்று அமைச்சகம் சொல்லலாம். நாள்காட்டிப்படி சரி, கிடங்குப்படி சரியில்லை. ஆலைகள் எவ்வளவு கையிருப்பு வைத்திருந்தன என்ற எண் தெரியாமல் இரண்டு பக்கமும் வெறும் ஊகம்தான் பேச முடியும். வரியை நீக்கு என்றோ வரியைப் போடு என்றோ முழங்கும் எம்.பி., தன் வாக்காளர்களில் ஒரு பாதிக்கு எதிராகப் பேசியவர் ஆகிறார். எண்ணைக் கேட்கும் எம்.பி.க்கு அந்தச் சங்கடம் இல்லை.

அந்த எண்ணை எப்படிக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பருத்தி விவசாயிகளின் நலனைக் காக்க அரசு என்ன நடவடிக்கை எடுத்துள்ளது என்று கேட்டால், திட்டங்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று பதிலாக வரும், நம் எம்.பி.க்கள் பலரும் கட்சி பேதமின்றி இந்த ரகக் கேள்வியில் கைதேர்ந்தவர்கள். மாறாக, 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை வரியின்றி இறங்கிய பஞ்சு மாதவாரியாக எத்தனை பேல், எந்தெந்த நாட்டிலிருந்து வந்தது, அதில் ஆஸ்திரேலிய ஒதுக்கீட்டுக்குள் வந்தது எவ்வளவு, தூத்துக்குடியில் இறங்கியது எவ்வளவு, அடுத்த மூன்று மாதங்களில் இந்தியப் பருத்திக் கழகம் தமிழ்நாட்டில் ஆதார விலைக்குக் கொள்முதல் செய்தது எவ்வளவு என்று கேட்டால், நழுவ இடம் குறைவு. 150 சொற்களுக்குள் கேள்வி அடங்க வேண்டும் என்பது மக்களவை விதி. இவ்வளவும் அதற்குள் தாராளமாக அடங்கும்.

கேள்வி கேட்டு என்ன ஆகப் போகிறது, பதில் எழுதிக் கொடுப்பது அதிகாரிதானே என்ற சலிப்புக்கு நியாயம் இருக்கிறது. ஒரு நாளுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20தான். அவற்றிலும் அவையில் வாய்மொழி பதில் கிடைப்பவை சில மட்டுமே. மீதி 230 எழுத்துப் பதிலோடு முடிந்துவிடும். ஆனாலும், கேள்விகளைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி, மூத்தவர், புதியவர் என்ற வேறுபாடு கிடையாது. திமுகவின் புதிய எம்.பி.க்கு ஆளுங்கட்சியின் ஐந்து முறை எம்.பி.யோடு சமமான வாய்ப்பு கிடைக்கும் ஓர் இடம் இது. 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது' என்று அமைச்சர் சொன்னால், அது வாக்குறுதியாகப் பதிவாகும். மூன்று மாதங்களில் நிறைவேற்றியாக வேண்டும். அதைத் துரத்துவதற்கென்றே அவையில் ஒரு குழு இருக்கிறது. 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளை வாங்கியது பற்றி மக்களவையில் எழுந்த கேள்வியை ஆளுங்கட்சி எம்.பி. ஃபெரோஸ் காந்தி விடாமல் பிடித்துக்கொண்டார். 1958 பிப்ரவரியில் பதவி விலகியவர் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. கேள்வி கேட்டவர்கள் எதிர்க்கட்சி வரிசையில்கூட இல்லை.

தொடர்ந்து கேட்பதன் பலனுக்கு இத்தனை தூரம் போக வேண்டியதும் இல்லை. சீன லைட்டர்களால் தீப்பெட்டித் தொழில் படுத்துவிட்டது என்ற முறையீடுகளுக்குப் பிறகு, 20 ரூபாய்க்குக் குறைவான விலையில் வரும் லைட்டர்களின் இறக்குமதியை 2023 ஜூனில் ஒன்றிய அரசு தடைசெய்தது. கதவை அடைத்ததும் ஜன்னல் வழியே உதிரி பாகங்கள் வந்தன; அவற்றை இங்கே பூட்டி விற்றார்கள். 2024 அக்டோபரில்தான் உதிரி பாகங்களுக்கும் தடை வந்தது. இடைப்பட்ட ஒன்றேகால் ஆண்டில், உதிரி பாக இறக்குமதி எவ்வளவு கூடியிருக்கிறது என்று கூட்டத்தொடருக்கு ஒரு கேள்வி போயிருந்தால், அந்த ஜன்னல் எண்களாகவே வெளியே தெரிந்திருக்கும்.

வெளிநாட்டு உதவிக்கு வந்தால் நம் எம்.பி.க்களின் குரல் இன்னும் மெலிகிறது. 2025-26 பட்ஜெட்டில் வெளியுறவு அமைச்சகத்துக்கு 20,516 கோடி ரூபாய். அதில் வெளிநாடுகளுக்கான உதவி 5,483 கோடி. பூடானுக்கு 2,150 கோடி, இலங்கைக்கு 300 கோடி. இலங்கை என்றதும் நம்மவர்கள் மீனவர் கைதைக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஆனால் 2025 ஏப்ரலில் கொழும்பு சென்ற பிரதமர், 10 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனை மானியமாக மாற்றிவிட்டதாக அறிவித்தார். எந்தத் திட்டங்களின் கடன் அது, வடக்கு கிழக்கிலும் மலையகத்திலும் இந்தியா கட்டித் தருவதாகச் சொன்ன வீடுகளில் எத்தனை முடிந்தன என்பவை தமிழ்நாட்டு எம்.பி. கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்க வாய்ப்பில்லாத கேள்விகள். உதவியைக் கேள்வி கேட்பது அண்டை நாட்டிடம் கஞ்சத்தனம் காட்டுவது ஆகாதா? 2022 நெருக்கடியில் 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் மருந்தும் அனுப்பச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு, ஒன்றிய அரசின் அனுமதிக்குக் காத்திருந்த மாநிலம் இது. கொடுத்தது உரியவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க அதற்கு உரிமை உண்டு.

இதில் தொகுதிக்கு நேரடிக் கணக்கும் ஒன்று இருக்கிறது. எக்ஸிம் வங்கி மூலம் இந்தியா தரும் கடனுதவிகளில், பொதுவாகக் குறைந்தது 75% மதிப்புக்கான பொருளும் சேவையும் இந்தியாவிலிருந்தே வாங்கப்பட வேண்டும். அதாவது, உதவி என்ற பெயரில் போவதில் பெரும்பகுதி இந்தியக் கம்பெனிகளுக்கான ஏற்றுமதி ஆர்டர். அதில் சிறு, குறு தொழில்களின் பங்கு எவ்வளவு, நட்பு நாடுகளுக்கு மருத்துவப் பொருள் அனுப்பும்போது பேண்டேஜ் துணியை எந்த டெண்டரில் யாரிடம் வாங்குகிறார்கள் என்று கேட்டால், வெளியுறவுக் கொள்கை சத்திரப்பட்டித் தறி வரை வந்துவிடும்.

பேச்சுவார்த்தை நடக்கும்போது கேள்வி கேட்டால் நம் பிடி எதிராளிக்குத் தெரிந்துவிடும் என்பது அமைச்சகம் வழக்கமாகச் சொல்லும் தடை. பேச்சில் இருப்பதற்கு அது பொருந்தும், கையெழுத்தானதற்குப் பொருந்தாது. 2010 முதல் அமலில் இருக்கும் ஆசியான் ஒப்பந்தத்தாலும், 2000 முதல் அமலில் இருக்கும் இலங்கை ஒப்பந்தத்தாலும் நமக்கு வந்தது என்ன, போனது என்ன என்பதில் எந்த ரகசியமும் இல்லை. இலங்கை வழியாக மலிவு மிளகு வந்து குவிகிறது என்று விவசாயிகள் கொதித்த பிறகுதான், 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். அந்த விலை இன்று போதுமா என்பது பகிரங்கமாகக் கேட்கத்தக்க கேள்வியே.

நடைமுறைச் சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஒரு நாளுக்கு ஐந்து கேள்விகளுக்கு மேல் கொடுக்க முடியாது. ஒவ்வோர் அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள்தான். கூட்டத்தொடர் அறிவிப்பு வந்த பிறகு டெல்லியில் உதவியாளர் ஒருவர் உட்கார்ந்து எழுதினால், பெயர்ப் பட்டியல் கேட்கும் கேள்விதான் பிறக்கும். ஆலை அதிபர்கள் சங்கத்துக்கு ஜவுளி அமைச்சகத்தின் கதவு ஏற்கெனவே தெரியும். கரிசல் காட்டுப் பருத்திக்காரருக்கு எம்.பி. அலுவலகத்தைத் தவிர வேறு கதவில்லை. எனவே கமிஷன் கடை, தறிக்கூடம், தீப்பெட்டி ஆலை ஆகிய இடங்களிலிருந்து தகவல் திரட்டும் வேலை கூட்டத்தொடருக்கு முன்பே தொகுதியில் நடந்திருக்க வேண்டும். விடைகளும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மக்களவை இணையதளத்தில் கிடந்தால் போதாது. எத்தனை பேல் இறங்கியது, எந்த மாதம் இறங்கியது என்ற அட்டவணை தமிழில், ஒரு பக்க நோட்டீஸாகவாவது, மாசி மாத எடுப்புக்கு முன் சங்கரன்கோவில் கமிஷன் கடைகளுக்கு வந்து சேர வேண்டும்.