புள்ளி உதிராத வாழ்த்து



கார்த்திகை பிறந்துவிட்டால் நம் இதழ் அலுவலகத்துக்கு வரும் வாசகர் கடிதங்களின் போக்கே மாறிவிடுகிறது. சமையல் சந்தேகங்கள் கொஞ்சம் பின்னால் போய், வாழ்த்து அட்டை பற்றிய கேள்விகள் முன்னால் வந்து நிற்கின்றன. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று அடுத்தடுத்துப் பண்டிகைகள். கடையில் அட்டை வாங்கி அனுப்பும் பழக்கம் செல்போன் வந்தபின் ஏறக்குறைய நின்றுபோனது. ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து தன் கையால் செய்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு உங்கள் உறைகளே சாட்சி. ஒவ்வோர் உறையையும் பிரிக்கும்போது மனம் நிறைகிறது.

இந்த முறை அதிகம் பேர் கேட்டிருப்பது ஸ்டாம்ப் பற்றி. புதிதாக வாங்கிய கிளியர் ஸ்டாம்பில் இங்க் நிற்கவே மாட்டேன் என்கிறது. அம்மா வைத்திருந்த ரப்பர் ஸ்டாம்ப் வெடித்துவிட்டது. கறுப்புக் கோட்டுக்குள் வண்ணம் தீட்டினால் கோடு கலைகிறது. கேள்விகள் வேறு வேறு. ஆனால் கையிலிருக்கும் பொருள் எதனால் ஆனது என்று தெரிந்துகொண்டால் எல்லாவற்றுக்கும் வழி பிறக்கும்.

மரக்கட்டையில் ஒட்டிய ரப்பர் ஸ்டாம்பிலிருந்து தொடங்குகிறேன். அது பெரும்பாலும் இயற்கை ரப்பர். கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறைப் பக்கம் காலையிலேயே பால் வெட்டப் போகிறார்களே, அந்த மரத்தின் பால்தான் இதற்கும் மூலம். பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது நிலைப்படும் என்று அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டுபிடித்தார். அதன் பிறகு பல் மருத்துவர்கள் பல்செட்டின் அடித்தட்டுக்காக ரப்பரை வேகவைக்கும் சிறு கலன்களை வைத்துக்கொண்டார்கள். 1860-களில் அமெரிக்காவில் உருவான ஆரம்பகால ரப்பர் ஸ்டாம்புகள் அப்படிப்பட்ட கலன்களில்தான் வெந்தன.

கந்தகம் ரப்பருக்கு வலுவைக் கொடுத்தது. எண்ணெயைத் தாங்கும் குணத்தைக் கொடுக்கவில்லை. மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தின்னரோ பட்டால் இயற்கை ரப்பர் அதை உறிஞ்சி ஊதிப்போகும். ஊதிய ரப்பரில் மெல்லிய கோடுகள் தடித்துவிடும். அலுவலகங்களில் ஸ்டாம்ப் அடைத்துக்கொண்டால் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பதும், குண்டூசியால் நோண்டுவதும் வழக்கம். நீங்கள் இரண்டையும் செய்யாதீர்கள். குண்டூசி முனை ரப்பரின் ஓரத்தைக் கிழித்துவிட்டால் அந்தக் கிழிசல் இனி ஒவ்வோர் அட்டையிலும் விழும்.

கிளியர் ஸ்டாம்ப் வேறு இனம். தரமானவை ஃபோட்டோபாலிமரில் செய்யப்படுகின்றன. திரவமாக இருக்கும் பிசின், புற ஊதா ஒளி பட்டதும் கெட்டியாகிறது. இதன் பெரிய வசதி, அக்ரிலிக் துண்டில் ஒட்டிப் பிடித்தால் கீழே தாளில் எங்கே விழப்போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். புதிதாக வந்தவற்றில் இங்க் முத்து முத்தாகத் திரண்டு நிற்பதற்குக் காரணம், மேற்பரப்பில் தங்கியிருக்கும் தயாரிப்புப் படலம். பென்சில் அழிக்கும் ரப்பரால் மிருதுவாக ஒரு தடவை தேய்த்து, சோப்பு நீரில் கழுவிக் காயவைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். படம் முழுதாக விழும். நாளாக ஆக இந்த ஸ்டாம்புகள் மஞ்சளடிக்கும். கறை ஏறும். அதைப் பார்த்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நிறம் மாறினாலும் அச்சு கெடுவதில்லை. பிசுபிசுத்தாலோ விறைத்து வெடித்தாலோதான் அதன் காலம் முடிந்தது என்று அர்த்தம்.

இங்க் விஷயத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். லண்டனில் 1843-ல் ஹென்றி கோல் என்பவர் அச்சிட்டு விற்ற கிறிஸ்துமஸ் அட்டையைத்தான் விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று சொல்கிறார்கள். ஓவியர் ஜான் ஹார்ஸ்லி வரைந்த படத்தைக் கோடுகளாக அச்சிட்டு, வண்ணத்தைக் கையால் தீட்டினார்கள். விலை ஒரு ஷில்லிங். இன்று நீங்கள் உணவு மேசையில் செய்வதும் அதே வேலைதான். கோட்டை ஸ்டாம்ப் தருகிறது, வண்ணத்தை உங்கள் கை தருகிறது. ஆகவே எந்த வண்ணம் தீட்டப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டுக் கறுப்பு இங்கைத் தேர்ந்தெடுங்கள். வாட்டர் கலர் என்றால் நீர்புகாத பிக்மென்ட் இங்க் வேண்டும், அதுவும் நன்றாகக் காய்ந்த பிறகு. ஆல்கஹால் மார்க்கர் என்றால் அதற்கு இசைந்த டை இங்க். மாற்றிப் போட்டால் கோடு கலைந்து, படத்திலுள்ள ஆட்டுக்குட்டியின் முகமெல்லாம் சாம்பல் பூத்துவிடும்.

வீட்டில் கிடக்கும் ஊதா நிற ஆபீஸ் ஸ்டாம்ப் பேடை அட்டைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பேடு சீக்கிரம் உலராமலிருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த இங்க் தயாராகிறது. வழவழப்பான அட்டையில் அது நெடுநேரம் ஈரமாகவே இருந்து விரலில் ஒட்டும். தண்ணீர் பட்டால் ஓடும், வெளிச்சத்தில் வெளுக்கும். உலோகம், கண்ணாடி, ஓ.ஹெச்.பி. ஷீட் மேல் அடிக்கும் சால்வென்ட் இங்க் இன்னொரு பக்கம். ரப்பருக்கு அது பொருந்தும். கிளியர் ஸ்டாம்பில் போட்டே ஆகவேண்டும் என்றால் அடித்த கையோடு கழுவிவிடுங்கள். விட்டுவைத்தால் மேற்பரப்பு மங்கிப் பிசுபிசுக்கும்.

தாள் 250 முதல் 300 ஜி.எஸ்.எம். வரை கனமும், மேலே சமதளமும் உள்ளதாக இருந்தால் போதும். புதுச்சேரியின் கைவினைத் தாள்கள் என் மனத்துக்கு மிகவும் பிடித்தவை. ஆனால் அவற்றின் மேடு பள்ளத்தில் மெல்லிய கோடு உடைந்து விழும். அவற்றைப் பின்னணியாக ஒட்டி, படத்தைத் தனித் துண்டில் அடித்து மேலே வைத்தால் இரண்டும் அழகாகச் சேரும்.

அடிக்கும் முறையில் ஒரே ஒரு பேச்சு. ஸ்டாம்பைக் கொண்டுபோய் பேடில் அழுத்தாதீர்கள். ஸ்டாம்பை மல்லாத்திப் பிடித்து, பேடைக் கவிழ்த்து மெல்லத் தட்டுங்கள். இங்க் மேட்டில் மட்டும் நிற்கும், பள்ளத்தில் இறங்காது. ஃபோம் இல்லாத கிளியர் ஸ்டாம்புக்குத் தாளின் அடியில் பழைய மவுஸ் பேட் ஒன்றை விரித்துக்கொள்ளலாம். நேராக வைத்து, நேராக அழுத்தி, நேராக எடுக்கவேண்டும். ஆட்டினால் ஓரம் அப்பிவிடும். எம்பாஸிங் செய்பவர்கள், எம்பாஸிங் பவுடர் தேவையில்லாத இடத்தில் ஒட்டுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். மார்கழி ஈரத்திலும் கை வியர்வையிலும் அது நடக்கும். டால்கம் பவுடரை மெல்லிய வேட்டித் துணியில் முடிந்து, அடிப்பதற்கு முன் தாளில் ஒற்றியெடுங்கள். எம்பாஸிங் பவுடரை உருக்க ஹேர் டிரையர் வேண்டாம். அதன் சூடும் போதாது, அதன் காற்று பவுடரையும் ஊதித் தள்ளிவிடும்.

இனி, நான் மனதார விரும்பும் ஒன்று. சாண்டாவும் பனிமனிதனும் ஸ்டாம்பாகத் தாராளமாகக் கிடைக்கிறார்கள். தமிழில் ஒரு நல்ல வாழ்த்துச் சொல் கிடைப்பது அரிது. கோர்ட், தாலுகா ஆபீஸ் பக்கம் ரப்பர் ஸ்டாம்ப் கடை இல்லாத ஊர் நம்மிடம் உண்டா? அங்கே போய், உங்கள் கையெழுத்திலேயோ பாட்டியின் கையெழுத்திலேயோ ‘பொங்கல் வாழ்த்துகள்’ என்று ஒன்று செய்து வாங்குங்கள். இப்போது பல கடைகளில் பாலிமரில்தான் செய்கிறார்கள். எழுத்துப் பகுதி மட்டும் தெளிவாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் இருக்கும் நெகட்டிவ் ஒன்றை எடுத்து, கண்ணாடியில் வைத்து, பிசினை ஊற்றி, புற ஊதா விளக்கைப் போடுகிறார்கள். ஒளி புகுந்த இடம் கெட்டியாகிறது, மிச்சம் கழுவினால் போய்விடுகிறது.

நம் எழுத்துக்கு இதில் ஒரு கவனம் வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி தனித்து நிற்கிறது. ஊசிமுனை அளவுப் புள்ளி என்றால் ஒளி புகும் வழி குறுகி, அதற்கு அடிப்பிடிப்பே இருக்காது. கழுவும்போதே பிய்ந்துவிடும், இல்லையென்றால் பிரஷ் போடும்போது உதிரும். ண, ன போன்றவற்றின் சுழி சிறிதாக இருந்தால் இங்க் புகுந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே வெள்ளைத் தாளில் கறுப்பு மையால், எழுத்தின் உயரம் 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல், சுழியைத் தாராளமாகத் திறந்து, புள்ளியைக் கொட்டையாக வைத்து எழுதிக் கொடுங்கள். பென்சில் எழுத்து மங்கலாக விழும். இடவலம் மாற்றுவதைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். பிடி போடாமல் பாலிமரை மட்டும் வாங்கி, இரட்டைப் பக்க டேப்பால் அக்ரிலிக் துண்டில் ஒட்டிக்கொள்ளலாம்.

வேலை முடிந்த அன்றே கழுவுவது முக்கியம். கிளியர் ஸ்டாம்பை மிதமான சோப்பு நீரில் பழைய பல் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, தானாகக் காயவிடுங்கள். ஒட்டும் தன்மை குறைந்தது என்று நினைத்தவைகூட இப்படிக் கழுவியதும் பழையபடி ஒட்டும். டிஷ்யூ பேப்பரால் துடைத்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். மரக்கட்டை ஸ்டாம்பைத் தண்ணீரில் முக்கவே கூடாது. ஈரத் துணியாலோ ஆல்கஹால் இல்லாத பேபி வைப்ஸாலோ ஒற்றியெடுத்தால் போதும். ஊறினால் மரம் உப்பி ரப்பர் கழன்றுவிடும்.

எடுத்து வைப்பதற்கு மொட்டைமாடிச் சூடு இறங்கும் பரண் சரிப்படாது. வெளிச்சம் படாத மேசை டிராயர் நல்லது. கிளியர் ஸ்டாம்புகளை ஷீட்டில் ஒட்டிப் பழைய சி.டி. பெட்டிகளில் நிறுத்தி வைக்கலாம். பாச்சை உருண்டை போட்ட பீரோவில் மட்டும் வேண்டாம்; அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும்.

பொங்கல் இதழின் நடுப்பக்கங்களை உங்கள் அட்டைகளுக்காக ஒதுக்கியிருக்கிறோம். நீங்களே எழுதிச் செய்வித்த தமிழ் ஸ்டாம்பால் அடித்தவற்றுக்கு முதலிடம். அட்டையின் பின்புறத்தில் என்ன இங்க், என்ன தாள், எழுத்து யாருடையது என்று மறக்காமல் குறித்து அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்