முற்றத்துக் கரிசலாங்கண்ணி

மழை பெய்து சில நாள் கழிந்ததும் கிணற்றடியிலும், வாய்க்கால் கரையிலும், தோட்டப் பாத்திகளின் இடுக்கிலும் விதைப்பாரின்றித் தானே முளைத்துப் படர்கின்ற வெள்ளைக் கரிசலாங்கண்ணியைக் களையென்று பிடுங்கி எறிந்துவிட்டு, அதே செடியின் பொடியை நாட்டு மருந்துக் கடையில் விலை கொடுத்து வாங்கி வருவது நம் நகரத்து இல்லங்களில் இன்று சர்வ சாதாரணமாகிவிட்டது. பொடி விற்போரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும் பொடியான பின் அது எந்த இலை என்பதை வாங்குகிறவர் கண்ணால் நிச்சயிக்க வழியில்லை. பச்சை இலையைப் பார்த்துப் பறித்து, நம் அடுப்பிலேயே காய்ச்சிக் குடிக்கும் பழக்கம் வீடுகளுக்குத் திரும்ப வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

இது புதிய யோசனையுமன்று. வடலூரில் 1867ஆம் ஆண்டு சத்திய தருமச்சாலையை நிறுவிப் பசித்தோருக்கு அன்னமளித்த இராமலிங்க வள்ளலார், தேயிலை தமிழ்க் குடும்பங்களின் அன்றாடப் பானமாவதற்கு நெடுங்காலம் முன்பே, கரிசலாங்கண்ணியுடன் தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் ஆகியவற்றைச் சேர்த்துப் பொடித்து, நீரும் பசுவின் பாலும் விட்டு, நீர் சுண்டுமளவும் காய்ச்சி, நாட்டுச் சர்க்கரை கலந்து பருகுமாறு தம்முடைய நித்திய கரும விதியில் சொல்லி வைத்தார். 1950களில் சென்னை மாநிலக் கல்லூரியின் இரசாயனப் பேராசிரியர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடன் உழைத்தவர்களும் மஞ்சள் கரிசலாங்கண்ணியை ஆராய்ந்து, அதிலுள்ள வெடலோலாக்டோன் என்ற பொருளின் அமைப்பை உலகுக்கு அறிவித்தார்கள். வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் அப்பொருள் உண்டு.

செடியை அறிவது கடினமன்று. இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்து, நீண்டு, கூர்மையாகி, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். தண்டில் செந்நிறம் ஓடும். பூ சட்டைப் பொத்தானைவிடச் சிறிய வெண்ணிற வட்டம். இத்தனையும் ஒத்திருந்தாலும் ஐயம் தீராதவர்கள் தண்டையும் இலையையும் உள்ளங்கையில் வைத்துக் கசக்கிச் சற்றுப் பொறுத்திருந்தால், பச்சைச் சாறு கண்ணெதிரே கறுத்துவிடுவதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். இந்தச் சாற்றில் துணியைத் தோய்த்து உலர்த்தித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்துக் கண்மை கூட்டிய பாட்டிமார்களுக்கு இந்தச் சோதனையே தேவைப்பட்டிராது. அருகிலேயே வளரும் வெட்டுக்காயப் பூண்டுக்கோ பூ நீண்ட தனிக்காம்பின் உச்சியில் நிற்கும். அதன் நடுவில் மஞ்சள் இருக்கும்.

மஞ்சள் பூவைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. பூங்காக்களிலும் சாலை நடுவிலும் அலங்காரத்துக்காகப் பாய் விரித்தாற்போல் வளர்க்கப்படும், மூன்று மடலாகப் பிளந்த பளபளப்பான இலையுடைய கொடியை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நம்பிப் பறித்துச் செல்வோர் பலர். அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த வேறு செடி. நம் மருத்துவ நூல்கள் சொல்லும் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு இலை அவ்வாறு பிளவுபட்டிராது.

கரிசலாங்கண்ணித் தேநீர் தயாரிப்பது சுலபம். ஒரு பிடி இலையை மண் போக அலசி, இரண்டு தம்ளர் நீரில் கால் தேக்கரண்டி சீரகத்தோடு போட்டு, ஒரு தம்ளராக வற்றியதும் வடிகட்டி, பனங்கற்கண்டு சேர்த்தால் போதும். இலேசான கைப்பு நாவில் நிற்கும். அதைச் சர்க்கரையால் முழுதும் மறைக்க முயல்வது அநாவசியம். சாக்கடையோரத்துச் செடியையும் பூச்சிமருந்து தெளித்த வயலோரத்துச் செடியையும் தொடலாகாது. மஞ்சட்காமாலை கண்டவர்கள் இதனையே சிகிச்சையென்று நம்பி வைத்தியரிடம் செல்லத் தாமதிப்பது பெருந்தவறு. ஆரோக்கியமாக உள்ளவர்களின் காலைப் பானமாகவே இதனை நான் சிபாரிசு செய்கிறேன்.

அடுத்த மழைக்குப் பின் முற்றத்தைச் சுத்தம் செய்யும்போது, இந்தச் செடியில் நாலைந்தையேனும் விட்டு வையுங்கள். வீட்டுக் குழந்தைகளை அழைத்து, இலையைக் கசக்கிக் காட்டி, பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.