ஒப்பீட்டுக் கணக்கில் குழந்தை எங்கே தடுமாறுகிறது?

‘மாலாவிடம் 8 மாங்காய்கள் உள்ளன. கவிதாவிடம் 5 உள்ளன. கவிதாவைவிட மாலாவிடம் எத்தனை அதிகம்?’ இரண்டாம் வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்தால் சில குழந்தைகள் 13 என்று எழுதுவார்கள். சிலர் 8 என்பார்கள். 8-இல் 5 போனால் எத்தனை என்று கேட்டாலோ, விரல்களை மடக்கி 3 என்று சொல்லிவிடுவார்கள். கழிக்கத் தெரிகிறது; எங்கே கழிக்க வேண்டும் என்பது தெரியவில்லை. இதைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்வதாலோ, இன்னும் 20 கழித்தல்களை வீட்டுப்பாடமாகத் தருவதாலோ பயனில்லை.

எதுவும் குறையாத கழித்தல்

கழித்தல் பெரும்பாலும் ‘மீதி’ காண்பதாகவே குழந்தைக்கு அறிமுகமாகிறது. மிட்டாயைத் தின்றுவிட்டார்கள், பலூன் உடைந்துவிட்டது, பறவை பறந்துவிட்டது, மிச்சம் எத்தனை? ஒப்பீட்டுக் கணக்கில் அப்படி எதுவும் நடப்பதில்லை. மாலாவின் மாங்காயை யாரும் எடுக்கவில்லை. விடையான 3 தனிக் குவியலாகக் கண்ணில் படுவதுமில்லை. மாலாவின் எட்டில், கவிதாவின் ஐந்துக்கு இணையானவற்றை மனத்தில் ஒதுக்கிய பிறகே அது புலப்படும்.

அமெரிக்க ஆய்வாளர் டாம் ஹட்சன் 1983-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. பறவைகளும் புழுக்களும் உள்ள படத்தைக் காட்டி, ‘புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம்?’ என்று கேட்டபோது முதல் வகுப்புக் குழந்தைகளில் 64 சதவீதத்தினரே சரியாகச் சொன்னார்கள். ‘ஒவ்வொரு பறவையும் ஒரு புழுவைப் பிடிக்கப் போனால், எத்தனை பறவைகளுக்குப் புழு கிடைக்காது?’ என்று மாற்றிக் கேட்டதும் அனைவரும் சரியாகச் சொன்னார்கள். அவர்களைவிடச் சிறிய மழலையரிடம் இந்த விகிதம் 17-இலிருந்து 83 சதவீதமாக உயர்ந்தது. எண்களும் படமும் மாறவில்லை. கேட்ட விதம்தான் மாறியது.

குறுக்குவழியின் ஆபத்து

‘மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி’ என்று சொல்லைப் பார்த்துச் செயலைத் தேர்ந்தெடுக்கப் பழக்குவது எளிது. ‘முருகனிடம் 12 கோலிகள் உள்ளன. இது சேகரிடம் இருப்பதைவிட 5 அதிகம். சேகரிடம் எத்தனை?’ என்று வந்தால் அந்தப் பழக்கமே காலை வாரிவிடும். ‘அதிகம்’ என்பதைக் கண்டதும் குழந்தை 17 என்று எழுதும். சரியான விடை 7. கேள்வியின் சொல் ஒரு திசையிலும் செய்ய வேண்டிய கணக்கு எதிர்த்திசையிலும் இருக்கும்போது கல்லூரி மாணவர்களும் கூடுதலாகத் தவறுகிறார்கள் என்பதை லூயிஸ், மேயர் ஆகியோரின் 1987 ஆய்வு காட்டியது. வயது ஏறினால் தானாகச் சரியாகிவிடும் என்று இதை விட்டுவிட முடியாது.

என்ன செய்யலாம்?

முதலில் பொருள்களை இணை சேர்க்க வேண்டும். 8 புளியங்கொட்டைகளை ஒரு வரிசையாகவும், அதற்கு நேர்க் கீழே 5-ஐ மற்றொரு வரிசையாகவும் வைத்தால், துணையில்லாமல் நிற்கும் 3 தானாகத் தெரியும். அடுத்து, பொருள்களுக்குப் பதிலாக ஒரு நீளப் பட்டையும் ஒரு குட்டைப் பட்டையும் வரையலாம். சிங்கப்பூர் 1980-களிலிருந்து தொடக்கப் பள்ளிகளில் பயன்படுத்தும் முறை இது. கோலிக் கணக்கில், ‘யாரிடம் அதிகம்?’ என்ற கேள்விக்கு விடை கண்டு முருகனுக்கு நீளப் பட்டையை வரைந்துவிட்டாலே பாதிக் குழப்பம் தீரும். மாங்காய்க் கணக்கில் 5-இலிருந்து 6, 7, 8 என்று மேலே எண்ணி விடை காணும் குழந்தையையும் தடுக்கக் கூடாது. வித்தியாசம் காண அதுவும் முறையான வழியே.

குழந்தைகளின் கற்றல் நிலையை ஆராயும் ஏசர் (ASER) 2024 அறிக்கையின்படி, இந்தியாவின் ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்பு மாணவர்களில் 33.7 சதவீதத்தினரால்தான் குறைந்தபட்சம் கழித்தல் கணக்கைச் செய்ய முடிந்தது. இது எண்களை மட்டும் கொடுத்துச் சோதித்த கணக்கு. ஆனால் விலை, உயரம், மதிப்பெண், மழையளவு என வாழ்க்கையில் வரும் கழித்தல்களில் பலவும் ஒப்பீடுதான். பாடநூல் எழுதுவோர் மீதிக் கணக்குகளுக்கு இணையாக ஒப்பீட்டுக் கணக்குகளுக்கும் இடமளிக்க வேண்டும். ஆசிரியர்களும் பெற்றோரும், ‘கூட்டலா, கழித்தலா?’ என்று கேட்கும் குழந்தைக்கு உடனே விடை சொல்லிவிடாமல், ‘யாரிடம் அதிகம்? வரைந்து காட்டு’ என்று சொல்லிப் பழக்க வேண்டும்.