மறைத்தால் தீராத வாந்தி

ஊரை விட்டு மும்பைக்கு வந்து, அறை எடுத்துத் தங்கி உழைக்கும் இளைஞர்களில் சிலரிடம் கஞ்சாப் பழக்கம் இருப்பதை மூடி மறைப்பதில் பயனில்லை. அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி, 2019ஆம் ஆண்டு வெளியான கணக்கெடுப்பு, நாட்டில் சுமார் 3 கோடியே 10 லட்சம் பேர் கஞ்சா, சரஸ், பாங்கு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை ஓராண்டுக்குள் உபயோகித்ததாகக் கூறுகிறது. "சாராயம்தான் குடலை அரிக்கும்; இது வெறும் மூலிகைதானே" என்ற சமாதானமும் பழக்கத்தோடு கூடவே வருகிறது. அந்தச் சமாதானத்தைப் பொய்யாக்கும் நோய் ஒன்று உண்டு. அதைப் பலரும் அறியாமலிருப்பது கவலைக்குரியது.

பல ஆண்டுகள் இடைவிடாமல் கஞ்சா புகைத்த சிலருக்கு, முதலில் காலை வேளைகளில் குமட்டலும் வயிற்றுவலியும் தோன்றும். பிறகு ஒருநாள் வாந்தி பிடித்துக்கொள்ளும். ஒரு மடக்குத் தண்ணீர்கூடத் தங்காது. சாதாரண வாந்தி மாத்திரைக்கு அது பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை. சுடச்சுட வெந்நீர் ஊற்றிக்கொண்டால் மட்டும் சற்று நிம்மதி கிடைக்கும். எனவே நோயாளி நாளுக்குப் பலமுறை வெந்நீர் தேடி ஓடுவார். சில நாட்களில் வாந்தி தணியும். சில வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டும் திரும்பும்.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரை அடுத்த மலைப் பகுதியில் இத்தகைய நோயாளிகளை ஆராய்ந்த மருத்துவர்கள், 2004ஆம் ஆண்டு இதைத் தெளிவாக எடுத்துரைத்தார்கள். அவர்கள் விவரித்த 10 பேரில் 9 பேரிடம் அந்த வெந்நீர்ப் பழக்கம் காணப்பட்டது. கஞ்சாவை விட்ட 7 பேருக்கு வாந்தி நின்றது. விடாத 3 பேருக்கு அது தொடர்ந்தது. விட்டவர்களில் 3 பேர் மீண்டும் தொட்டதும், நோயும் மீண்டும் வந்தது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

கஞ்சா வாந்தியை நிறுத்தும் என்ற நம்பிக்கைதான் நோயாளியை ஏமாற்றுகிறது. அந்த நம்பிக்கை முழுப் பொய்யும் அல்ல. அதிலுள்ள டி.எச்.சி. என்ற சத்து மூளையிலும் குடலிலும் வேலை செய்து குமட்டலை அடக்கக்கூடியது. புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாந்திக்கு அதே சத்தைக் கொண்ட மருந்தும் உண்டு. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஓயாமல் ஏற்றும்போது அந்தக் கட்டுப்பாடே குலைந்துவிடுகிறது என்பது மருத்துவர்களின் கருத்து. இதை அறியாதவர் வாந்தி நிற்க இன்னும் புகைக்கிறார். நோய் இன்னும் முற்றுகிறது. பாங்கிலும் இருப்பது இதே சத்துதான்.

விளைவு அற்பமானதல்ல. உடலின் நீரும் உப்புச் சத்தும் வற்றி, சிறுநீரகம் பழுதாகலாம். பொட்டாசியம் குறைந்து இருதயத் துடிப்பு தடுமாறலாம். உயிருக்கே ஆபத்து நேர்ந்ததும் உண்டு. கொதிக்கும் நீரால் தோல் வெந்துபோனவர்களும் உண்டு. இதற்கிடையில் 'அல்சர்' என்றும் 'கேஸ்' என்றும் மருந்துக்கும் ஸ்கேனுக்கும் கூலி கரைகிறது. வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளமும் போகிறது. ஊருக்கு அனுப்ப வேண்டிய மணியார்டர் நிற்கிறது.

டாக்டர் கேட்பதில்லை, நோயாளி சொல்வதில்லை. தொல்லையின் வேர் இங்கேதான் இருக்கிறது. போலீசில் மாட்டிவிடுவோமோ என்ற பயம் வாயைக் கட்டுகிறது. நோயாளி சொல்வதை இரகசியமாகக் காப்பது மருத்துவரின் கடமை. மேலும், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64-ஏ என்ற பிரிவு இருக்கிறது. உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு சம்பந்தப்பட்ட குற்றத்துக்காகவோ வழக்கில் சிக்கிய அடிமைப்பட்டவர், தாமாக முன்வந்து அரசின் அல்லது அரசு அங்கீகரித்த நிலையத்தில் சிகிச்சை பெற்றால் அவருக்கு அது பாதுகாப்பு அளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் கைவிட்டால் அந்தப் பாதுகாப்பு நீங்கக்கூடும்.

வாந்தியெல்லாம் கஞ்சாவினால் வருவதென்று முடிவு கட்டிவிடக் கூடாது. குடல்வாலும் பித்தப்பையும்கூடக் காரணமாகலாம். அதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆனால் "கஞ்சா உண்டா? வெந்நீரில் குளித்தால் தணிகிறதா?" என்ற இரண்டு கேள்விகளை அவர் கடிந்துகொள்ளாமல் கேட்க வேண்டும். நோயாளியும் ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஏற்றும் குளுகோஸ் உடலைத் தேற்றும். நோயைத் தீர்ப்பது கஞ்சாவை அடியோடு விடுவது ஒன்றே. அந்தச் சத்து உடலின் கொழுப்பில் தங்குவதால், குணம் தெரியச் சில நாட்களோ வாரங்களோ ஆகும். அதுவரை பொறுமை வேண்டும். விட முடியாமல் திணறுவோருக்கு 14446 என்ற மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது.

பெற்றோர் ஆயிரம் மைல் தள்ளி இருக்கும்போது, அறைத் தோழர்களே குடும்பம். தோழன் ஓயாமல் வாந்தி எடுப்பதையும், வெந்நீருக்கு அலைவதையும் முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான். கேலி பேசாமல், ஊருக்குக் கோள் எழுதாமல், அவரைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று உண்மையைச் சொல்லவைப்பதே அவர்கள் செய்யக்கூடிய பேருதவி.