வலப்பக்கத்தில் எழுதுவது யார்?

ஆன்மிக நாட்குறிப்பு என்ற பெயரில் இப்போது கடைகளுக்கு வரும் நோட்டுப் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. அட்டையில் தாமரையோ தனிமரமோ இருக்கும். உள்ளே இடப்பக்கம் கேள்விக்கு, வலப்பக்கம் பதிலுக்கு. வேலையை விடலாமா, இந்த வரனுக்குச் சம்மதிக்கலாமா, பல வருடங்களாகப் பேச்சு வார்த்தையற்றுப் போன அண்ணன் வீட்டுக்குப் போகலாமா என்று எதை வேண்டுமானாலும் இடப்பக்கம் எழுதலாம். பிறகு கண்களை மூடிச் சற்று நேரம் அமர்ந்திருந்து, மனதில் முதலில் எழும் வாக்கியத்தை அடித்தல் திருத்தலின்றி வலப்பக்கம் எழுதிவிட வேண்டும். அதுவே உள்ளுறையும் குருவின் வழிகாட்டல் என்று முன்னுரை உறுதி கூறுகிறது. தியான முகாம்கள் சிலவற்றிலும் இதையே பயிற்சியாகத் தருகிறார்கள். நாட்குறிப்பு எழுதுவதோடு நமக்கு வழக்கு எதுவுமில்லை. வழக்கு அந்த வலப்பக்கத்தோடுதான்.

தெய்வத்திடம் வழி கேட்கும் முறைகள் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. சந்நிதியில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், விவரம் அறியாத குழந்தை ஒன்று எடுத்துத் தரும். தேவாரச் சுவடியில் கயிறு சாத்திப் பார்க்கும் வழக்கமும் சைவர்களிடம் இருந்தது. கயிறு விழுந்த ஏட்டில் எந்தப் பதிகம் இருக்கிறதோ அதிலிருந்து உத்தரவைக் கொள்வார்கள். பகுத்தறிவு பேசுகிறவர்கள் இவற்றைக் கேலி செய்யட்டும். ஆனால் பூப்பொட்டலத்துக்கு ஒரு நேர்மை இருக்கிறது. நம் விருப்பத்துக்கு மாறான பூ வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. எடுக்கும் கை நம்முடையதன்று. பெண்ணுக்குப் பிடித்த வரனைப் பூ வேண்டாமென்றால், வீட்டில் ஒரு வாரமாவது அழுகையும் விவாதமும் நடக்கும். அந்த ஒரு வாரத்தில் உண்மையில் எல்லோரும் யோசிப்பார்கள். வலப்பக்க முறையில் கேட்பவரும் நாமே, எடுப்பவரும் நாமே, கட்டியவரும் நாமே. இரண்டு பொட்டலத்திலும் ஒரே நிறப் பூ.

இலக்கிய வாசகர்களுக்கு இதற்கு அருகிலுள்ள உதாரணம் யேட்ஸ் வீட்டில் கிடைக்கும். 1917 அக்டோபரில் தம் ஐம்பத்திரண்டாம் வயதில் அவர் ஜார்ஜி ஹைட்-லீஸை மணந்தார். மனம் வேறொரு பெண்ணிடம் கிடந்து, தவறு செய்துவிட்டோமோ என்று தேனிலவிலேயே இருண்டு போயிருந்தார். மணமாகிச் சில நாட்களில் மனைவியின் கை தானாக எழுதத் தொடங்கியது. முதலில் வந்த செய்திகளுள் ஒன்று, நீ செய்தது சரியே என்ற பொருள்பட அமைந்தது. கவிஞருக்கு உயிர் வந்தது. பின்னர் ஆயிரக்கணக்கான பக்கங்கள் அவ்வாறு எழுதப்பட்டன. 1925இல் வெளிவந்த ‘எ விஷன்’ அவற்றிலிருந்து பிறந்தது. கணவரைத் தேற்றுவதற்காக முதலில் போலியாகவே எழுத எண்ணியதாகத் திருமதி யேட்ஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நல்ல கவிதைகள் கிடைத்தன, மறுக்கவில்லை. ஆனால் அந்த முதல் வழிகாட்டல் எங்கிருந்து வந்தது? அருகிலிருந்த ஒரு புத்திசாலிப் பெண்ணின் கணிப்பிலிருந்து. நமக்கு அப்படி ஒருவர் அருகில் இல்லாதபோது அந்த வேலையை நம் ஆசையே ஏற்றுக்கொள்கிறது.

இந்த வலப்பக்கத்தை ஓர் இயக்கமாகவே கட்டியெழுப்பியவர் ஃபிராங்க் புக்மன் என்ற அமெரிக்கப் பாதிரியார் (1878–1961). ஆக்ஸ்ஃபோர்டு குழு என்று அழைக்கப்பட்டு, 1938இல் ‘ஒழுக்க மறு ஆயுதபாணியாக்கம்’ என்ற புதிய பெயர் பெற்ற இயக்கம் அவருடையது. இந்தியாவிலும் அதற்கு வேர் உண்டு. 1960களின் பிற்பகுதியில் பஞ்ச்கனியில் மையம் அமைந்தபோது முன்னின்றவர்களுள் ஒருவர் ராஜ்மோகன் காந்தி, காந்திக்கும் ராஜாஜிக்கும் பொதுவான பேரன். இயக்கத்தாரின் அன்றாடக் கடமை ‘அமைதி நேரம்’. விடியற்காலையில் நோட்டும் பென்சிலுமாக அமர்ந்து, தோன்றும் எண்ணங்களை இறைவனின் வழிகாட்டலாகக் குறித்துக்கொள்ள வேண்டும். புக்மனைக் கேலிச்சித்திரமாக்க நமக்கு விருப்பமில்லை. தோன்றியதையெல்லாம் அவர் ஏற்கச் சொல்லவில்லை. நேர்மை, தூய்மை, தன்னலமின்மை, அன்பு என்ற நான்கு உரைகற்களில் உரசிப் பார்க்கச் சொன்னார். தோழர்களிடம் காட்டிச் சரிபார்க்கவும் சொன்னார். இன்றைய நோட்டுப் புத்தகங்களில் இந்தச் சல்லடைகள்கூட இல்லை.

ஆயினும் நடந்தது என்ன? 1936 ஆகஸ்டில் நியூயார்க் நாளிதழ் ஒன்று புக்மனின் பேட்டியை வெளியிட்டது. கம்யூனிசத்துக்கு எதிராக அரண் எழுப்பிய ஹிட்லரைப் போன்ற ஒருவருக்காக அவர் விண்ணகத்துக்கு நன்றி சொன்னதாக அதில் இருந்தது. பேச்சு திரிக்கப்பட்டது என்று அவருடைய ஆதரவாளர்கள் இன்றுவரை வாதிடுகிறார்கள். இருக்கலாம். நியூரம்பர்க் சட்டங்கள் வந்து அப்போது ஓராண்டு ஆகப்போகிறது. பல்லாண்டுகளாக விடியல்தோறும் நோட்டில் இறைவாக்கைக் குறித்து வந்தவருக்கு, செய்தித்தாள் படித்த எவரும் அறிந்திருந்ததை அந்த நோட்டு போதிய அழுத்தத்தோடு சொல்லவில்லை என்பது மட்டும் உறுதி. அவர் கம்யூனிசத்துக்கு அஞ்சினார், நோட்டும் அஞ்சியது. சரிபார்த்த தோழர்களும் அதற்கே அஞ்சியவர்கள்.

அப்படியானால் எழுதி எழுதி வழி தேடவே முடியாதா? முடியும் என்பதற்கு நம்மிடம் ஒரு சாட்சி இருக்கிறது, அதுவும் ஒரு பெரும் ஞானியின் கையெழுத்தில். இயேசு சபையின் நிறுவனர் இக்னேஷியஸ் லயோலா ரோமில் எழுதிய ஆன்மிக நாட்குறிப்பு. 1544 பிப்ரவரி 2 முதல் 1545 பிப்ரவரி 27 வரையிலான பகுதி மட்டும் தப்பியிருக்கிறது. முதல் நாற்பது நாட்களும் ஒரே கேள்வி. சபையின் தேவாலயங்கள் நிலையான வருமானம் வைத்துக்கொள்ளலாமா, முழு வறுமையைக் கைக்கொள்ள வேண்டுமா? வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கணக்குப்பிள்ளைக் கேள்வி. ஆனால் சபையின் எதிர்காலம் அதில் இருந்தது. 1541இல் தோழர்களோடு சேர்ந்து, வருமானம் இருக்கலாம் என்று எடுத்த முடிவை மறுபரிசீலனை செய்யும் சங்கடமும் இருந்தது.

அவர் கண்ணை மூடி முதல் வாக்கியத்தை எழுதிவிடவில்லை. இரு தரப்பு நியாயங்களையும் தனித்தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டார். திருப்பலி தோறும் அந்த முடிவை ஏந்திச் சென்று, அன்று மனம் எப்படி இருந்தது என்று குறித்தார். கண்ணீர் வந்ததா, எப்போது வந்தது, எவ்வளவு வந்தது என்பதையெல்லாம் ஒரு மருத்துவர் நோயாளியின் சூட்டைக் குறிப்பது போலக் குறித்திருக்கிறார். அழுகையால் கண்பார்வை கெடுமோ என்று அஞ்சும் அளவுக்கு அழுதிருக்கிறார். வறுமையே சரியென்று பலமுறை தெளிகிறது. அதன் பின்னும் உறுதிப்பாடு வேண்டிக் காத்திருக்கிறார். உறுதிப்பாடு வராதபோது திரித்துவத்தின் மீதே மனத்தாங்கல் கொள்கிறார். அதையும் மறைக்காமல் எழுதுகிறார். மார்ச் 12ஆம் நாள் அவருக்கு ஒன்று விளங்குகிறது: மேலும் மேலும் அடையாளம் கேட்பது இறைவனுக்காக அன்று, தன் திருப்திக்காக. இன்பம் ததும்பும் ஒரு கணத்தில் முடிக்க வேண்டும் என்ற தன் ஆசையையே அவர் அங்கே பிடித்துவிடுகிறார். அத்தோடு கேள்வியை முடிக்கிறார்.

நாற்பது நாட்கள் எழுதிய ஒருவரால்தான் இதைக் கண்டுகொள்ள முடியும். நேற்றும் முந்தாநாளும் என்ன எழுதினோம் என்பது கண்முன் கிடப்பதால் அது சாத்தியமாகிறது. தீய ஆவி ஒளியின் தூதன் வேடத்தில் வரும் என்று தம் பயிற்சி நூலில் எச்சரித்தவர் அவர். தமக்கு வந்த ஆறுதலையே ஐயுற்றவர். இப்போதைய முன்னுரைகளோ ஆறுதல் வந்துவிட்டால் அதுவே சான்று என்கின்றன.

நன்றிப் பட்டியலைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். இரவில் மூன்று நன்றிகளை எழுதச் சொல்லாத நோட்டு இன்று அரிது. எம்மன்ஸ், மெக்கல்லோ ஆகியோரின் 2003ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. பேறுகளைக் கணக்கிட்டு எழுதியவர்கள், தொல்லைகளைக் கணக்கிட்டவர்களைவிட நல்ல மனநிலையில் இருந்தார்கள் என்பது அதன் சாரம். மனநிலை நன்றாக இருந்தது, மகிழ்ச்சி. அதை ஆன்மிகம் என்றும் வழிகாட்டல் என்றும் விரித்தது வணிகம். மார்கஸ் ஒரேலியஸின் முதல் நூல் முழுதும் நன்றிப் பட்டியல்தான். ஆனால் அந்த ரோமச் சக்கரவர்த்தி காலைத் தேநீருக்கும் மாலை வெயிலுக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பாட்டனாரிடமிருந்து இன்னது, தாயிடமிருந்து இன்னது, ஆசிரியர் ரஸ்டிகஸிடமிருந்து இன்னது என்று ஆள் பெயரோடு கடன்பத்திரம் எழுதினார். கடன் என்றால் திருப்பிச் செலுத்த வேண்டும்.

இதிலும் மோசமானது, குறையை நன்றியாக மாற்றி எழுதச் சொல்லும் பயிற்சி. மாமியார் வீட்டில் மூச்சுமுட்டும் ஒரு பெண், மூன்று மாதச் சம்பளம் பாக்கியுள்ள ஓர் ஊழியர், இவர்கள் இரவில் நோட்டைத் திறக்கிறார்கள். ‘இந்தச் சூழல் எனக்கு எதைக் கற்பிக்கிறது?’ என்று அச்சிட்டிருக்கிறது. யார் செய்த அநியாயம் என்று கேட்க அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர்களும் தம் பொறுமையின்மையைத் தாமே கண்டித்து எழுதிவிட்டு உறங்கப் போகிறார்கள். கேள்வியை வேறொருவர் அச்சடித்துத் தந்துவிட்டால் பதிலில் பாதி முடிந்தது. சக்திகளையெல்லாம் உள்நோக்கித் திருப்பு என்ற அறிவுரையால் யாருக்கு லாபம் என்பதைச் சம்பளம் தராதவரிடம் கேட்டால் சொல்வார்.

அச்சிட்ட கேள்விகள் எல்லாமே தீது என்று சொல்வதற்கில்லை. பாய்க்குப் பேர்போன பத்தமடையில் 1887இல் பிறந்து, மலாயாவில் மருத்துவம் பார்த்து, ரிஷிகேசத்தில் துறவியாகி, 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம் நிறுவிய சுவாமி சிவானந்தர் வகுத்த ஆன்மிக டைரியும் கேள்விப் பட்டியல்தான். எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மாலை ஜபம், எத்தனை பொய் சொன்னாய், எத்தனை முறை கோபித்தாய், அதற்கு உனக்கு நீயே விதித்துக்கொண்ட தண்டனை என்ன? பதிலுக்குக் கட்டம் மட்டுமே; பெரும்பாலும் எண்கள். எந்தக் குரலும் அந்தக் கட்டத்துக்குள் நுழைய இடமில்லை. மாத முடிவில் அதைக் குருவுக்கு அனுப்பவும் வேண்டும். காந்தி 1930இல் தண்டி யாத்திரையில் தம்மோடு நடந்தவர்களுக்குப் பிரார்த்தனை, நூற்பு இவற்றோடு டைரியையும் கடமையாக்கினார். இவர்களுக்கு டைரி பேரேடு. கணக்கர் வாக்கு சொல்வதில்லை, பற்று வரவு காட்டுவார்.

சாதாரண மனிதர் காலையில் பத்து நிமிடம் எழுதி ஆறுதல் அடைவதில் உங்களுக்கென்ன நஷ்டம் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஆறுதல் என்ற பெயரிலேயே அது நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே இல்லை. வரனும் வேலையும் சொத்தும் அந்தப் பக்கத்தில் முடிவாகின்றன. முடிவு பிசகினால், நோட்டு விற்றவர் ‘நீங்கள் ஆழமாகக் கேட்கவில்லை’ என்பார். மேலும், எழுதுவதால் பயன் உண்டு என்று காட்டிய ஆய்வுகளும் உடனடி ஆறுதலைக் காட்டவில்லை. 1986இல் பென்னபேக்கரும் பீலும் கல்லூரி மாணவர்களைத் தம் வாழ்வின் காயங்களைப் பற்றி நான்கு நாட்கள், நாளுக்குக் கால்மணி நேரம் எழுத வைத்தார்கள். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனம் மேலும் கனத்தது. அடுத்த மாதங்களில்தான் மருத்துவ மையத்துக்கு அவர்கள் போவது குறைந்தது. வலப்பக்கத்துக் குரல் ஒருபோதும் யாரையும் கனக்கச் செய்வதில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு குழுவிலிருந்தே பிரிந்து வந்த ஒரு கிளை இதைப் புரிந்துகொண்டது. குடியிலிருந்து மீள முயன்ற பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு அது. அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் நான்காவது, தன் ஒழுக்கத்தை அஞ்சாமல் கணக்கெடுப்பது. வழக்கத்தில் அதை எழுதியே செய்கிறார்கள். ஐந்தாவது, அந்தக் கணக்கை இன்னொரு மனிதரின் முகத்துக்கு எதிரே சொல்வது. எதிரே இருப்பவரும் பெரும்பாலும் முன்னாள் குடிகாரர். எந்தச் சாக்கு எந்தப் புட்டியிலிருந்து வருகிறது என்பது அவருக்கு மனப்பாடம்.

நோட்டு வாங்கிவிட்டவர்கள் அதை எறிய வேண்டியதில்லை. இடப்பக்கத்தில் கேள்வியை எழுதி, தேதியிட்டு, அன்று அச்சம் எவ்வளவு, ஆசை எவ்வளவு, கோபம் யார்மீது என்பதையும் கீழே எழுதி வைக்கலாம். வலப்பக்கம் வெறுமையாகக் கிடக்கட்டும். மூன்று மாதம் கழித்து அதே பக்கத்தைத் திறந்து, அன்று எழுதிய கேள்வி உண்மையான கேள்விதானா என்று பார்க்கலாம். பெரும்பாலும் இராது.