மலையேறும் கூலியும் மலையேறும் சைக்கிளும்

உத்தமபாளையத்தில் விடியுமுன்பே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. கையில் தூக்குச்சட்டியோடு பெண்கள் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். கம்பத்திலும் கூடலூரிலும் இதே காட்சிதான். குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். பொழுது சாயும்போது அதே வளைவுகளில் திரும்பி இறங்க வேண்டும். நமது ஜனங்களுக்கு மலை என்றால் கூலி. வேறு அர்த்தம் கிடையாது.

விடுமுறை நாட்களில் வெளியூர் வாலிபர்கள் சிலர் விலையுயர்ந்த சைக்கிள்களில் மேகமலைக்கு ஏறுவதையும் நாம் பார்க்கிறோம். "இந்த ஏற்றத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவே மூச்சு வாங்குகிறது. இவர்களுக்கு ஏன் இந்தப் பாடு?" என்று நமது தாய்மார்கள் சிரிக்கிறார்கள். ஆனால் மலையில் சைக்கிள் ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டு, அதற்குச் சம்பளம் வாங்கிப் பிழைக்கும் மனிதர்கள் உலகில் இருக்கிறார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் முதல் அது ஒலிம்பிக் பந்தயமாகவும் இருக்கிறது. 2024 பாரிஸ் வரை எட்டு ஒலிம்பிக் நடந்து முடிந்தன. அந்த எட்டில் ஒன்றிலும் மலைச் சைக்கிளில் ஓர் இந்தியர்கூட ஓடவில்லை.

மலைக்குப் பஞ்சமா? கால் வலுவுக்குப் பஞ்சமா? இல்லையென்றால், தடுத்து நிற்பது எது? இதுவே நமது கேள்வி.

பழைய இரும்பில் பிறந்த வண்டி

மலைச் சைக்கிள் பணக்காரர் வீட்டுக் கூடத்தில் பிறந்ததல்ல. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில வாலிபர்கள், யாரும் சீந்தாமல் போட்ட கனத்த பழைய சைக்கிள்களைப் பொறுக்கியெடுத்து மலைச்சரிவில் ஓட்டினார்கள். இறக்கத்தில் பிரேக் சூடேறி உள்ளிருக்கும் கிரீஸ் எல்லாம் புகைந்து போகும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கிரீஸை அடைத்தாக வேண்டும். 1976ல் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கே "ரீபேக்" என்று பெயர். மறுபடி அடைப்பது என்று பொருள்.

பிறகு வியாபாரம் வந்தது. 1980களின் தொடக்கத்தில் தொழிற்சாலைகள் அந்த வண்டியைச் செய்து விற்க ஆரம்பித்தன. இன்று பந்தயத்துக்கு ஏற்ற வண்டி கார்பன் சட்டத்தில் ஏறக்குறைய 10 கிலோ எடைதான் இருக்கும். விலை லட்சக்கணக்கில் போகிறது. மூன்று லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தாலும் 893 நாள் வேலை! வருஷத்துக்கு நூறு நாள் முழுசாகக் கிடைத்தாலும் ஒன்பது வருஷம் ஆகும். பத்து வயதில் ஆசைப்பட்ட பிள்ளைக்குப் பத்தொன்பது வயதில் வண்டி வரும். கேள்விக்குப் பாதி விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

ருவாண்டாவின் பிள்ளை

மீதி விடையை ஆப்பிரிக்காவில் பார்க்கலாம். ருவாண்டா நமது பள்ளத்தாக்கைப் போலவே மலையும் தோட்டமுமான நாடு. காப்பி அவர்களுடைய பயிர். மரத்தாலேயே சைக்கிள் செய்து உருளைக்கிழங்கு மூட்டைகளை ஏற்றிச் சென்ற குடியானவர்கள் அங்கே உண்டு.

அட்ரியன் நியோன்ஷுட்டி 1987ல் அந்த நாட்டில் பிறந்தார். 1994ல் நடந்த இனப்படுகொலையில் அவருடைய சகோதரர்கள் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அப்போது அவருக்கு வயது ஏழு. பிழைத்த பிள்ளை, மாமா கொடுத்த பழைய இரும்புச் சைக்கிளில் ஓட்டக் கற்றது.

2006ல் டாம் ரிச்சி என்ற அமெரிக்கச் சைக்கிள் நிபுணர் அங்கே மரச் சைக்கிள் பந்தயம் ஒன்றை நடத்தினார். மலைச் சைக்கிளை முதலில் உருவாக்கியவர்களில் இவரும் ஒருவர். காப்பிப் பழம் பறித்த சில மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் தரம் கெட்டுவிடும். அதற்காக மூட்டை ஏற்றும் நீண்ட சட்டமுள்ள சைக்கிள் ஒன்றையும் அவர் வடிவமைத்தார். குடியானவர்கள் அதைத் தவணைக் கடனில் வாங்கினார்கள். பந்தயமும் பிழைப்பும் ஒரே பட்டறையில் பிறக்க முடியும் என்பதற்கு இது அத்தாட்சி.

2007ல் நியோன்ஷுட்டி தென்னாப்பிரிக்காவின் 'கேப் எபிக்' பந்தயத்தில் ஓடினார். எட்டு நாள் நடக்கும் மலைப்பந்தயம் அது. இருவர் இருவராகத்தான் ஓட வேண்டும். ஜோடியில் ஒருவர் இரண்டு நிமிஷத்துக்கு மேல் முந்திப் போய்விட்டால் அபராதம். வலுத்தவன் இளைத்தவனுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதே விதி! 2008ல் ருவாண்டா நாட்டுப் பந்தயத்தில் வென்றார். 2009ல் தென்னாப்பிரிக்கக் குழு ஒன்று அவருக்குச் சம்பளம் பேசி ஒப்பந்தம் போட்டது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தமது நாட்டுக் கொடியை ஏந்திச் சென்றார். மலைச் சைக்கிளில் 39ஆவதாக வந்தார். முப்பத்தொன்பதாவது இடத்துக்கு மெடல் கிடையாது. ஆனாலும் பின்னால் வந்த ஒரு தலைமுறை வாலிபர்களுக்கு அந்த இடம் கதவைத் திறந்தது. 2025 செப்டம்பரில் உலக சாலைச் சைக்கிள் சாம்பியன் போட்டி முதல்முறையாக ஆப்பிரிக்க மண்ணில் நடந்தபோது, நடந்த இடம் ருவாண்டாவின் கிகாலி.

பந்தயக்காரனும் தொழிலாளியே

இந்தத் தொழிலின் அன்றாடம் என்ன? நாலைந்து கிலோமீட்டர் வட்டப்பாதை. பாறையும் வேரும் சேறும் செங்குத்து இறக்கமும் நிறைந்தது. அதைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். ஒன்றரை மணி நேரம் நெஞ்சு வெடிக்க மிதிக்க வேண்டும். விழுந்தால் தோளெலும்பு முறியும். வருஷம் முழுவதும் பயிற்சி, ஊர் ஊராகப் பிரயாணம். உச்சியில் இருக்கும் ஒரு சிலருக்குக் கொழுத்த சம்பளம். கீழே இருக்கும் பலர் கைக்காசைப் போட்டுத்தான் பந்தயத்துக்கே போகிறார்கள். மில் தொழிலாளி கைகளை விற்கிறான் என்றால், இவன் கால்களையும் நுரையீரலையும் விற்கிறான்.

இவன் மார்பில் கம்பெனியின் பெயர் இருக்கிறது. கம்பெனி கைவிட்டால் வேலை போயிற்று. நியோன்ஷுட்டி ஓட்டிய குழுவே ஒரு டெலிபோன் கம்பெனியின் பெயரைத் தாங்கியிருந்தது. பணம் போட்டவர்கள் மாற மாறக் குழுவின் பெயரும் மாறியது. கடைசியில் பணம் போட ஆள் கிடைக்காமல் 2021 முடிவில் அந்தப் பெரிய குழு நின்றுபோனது. அவர் அதற்கு முன்பே விலகியிருந்தார். இருந்தவர்கள் வேலை தேடினார்கள். ஆலை மூடப்பட்டால் என்ன நடக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெற்றியும் தனி ஆளுடையதல்ல. 2024 பாரிஸ் பந்தயத்தில் பிரிட்டனின் டாம் பிட்காக்குக்கு நடுவழியில் டயர் பஞ்சரானது. சக்கரத்தை மாற்றிக்கொண்டு, இழந்த நேரத்தைத் துரத்திப் பிடித்துத் தங்கம் வாங்கினார். மேடையில் ஏறியது அவர் ஒருவர். சக்கரம் மாற்றிய கை எது என்று யாரும் கேட்கவில்லை. நாம் கேட்போம்.

விளையாட்டா, கூலியா?

கூலி உயர்வு கேட்க வேண்டிய வேளையில் சைக்கிள் பந்தயம் எதற்கு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். எட்டு மணி நேர வேலை கேட்ட நமது முன்னோர், மிச்ச நேரம் தங்களுடையது என்றும் சொன்னார்கள். சைக்கிளையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்தில் 1894ல் சோஷலிஸ்டுகள் 'கிளாரியன்' சைக்கிள் சங்கம் அமைத்தார்கள். ஜெர்மனியில் 1896ல் 'சாலிடாரிட்டி' என்ற தொழிலாளர் சைக்கிள் சங்கம் எழுந்தது. கூட்டுறவில் சொந்தமாகவே சைக்கிள் செய்தது. 1933ல் நாஜிகள் அதைத் தடை செய்தார்கள். தொழிலாளி சைக்கிளில் ஒன்று சேர்வதுகூட அவர்களுக்குப் பயமாக இருந்தது!

நமது புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். கல் குவாரிப் பெண்ணும் நாற்று நடும் பெண்ணும் தாமே மிதித்துப் போனார்கள். 2001-02ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பின்னர் எல்லாப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகள் அந்த வண்டியை மிதிப்பதை நமது தெருக்களில் பார்க்கிறோம். வண்டி ஓட்டும் பிள்ளை இருக்கிறது, எதிரே மலையும் இருக்கிறது. நடுவில் இல்லாதது ஏற்பாடு ஒன்றுதான்.

2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி எங்கே நடந்தது? கேரளத்தின் பொன்முடியில்! நமது மேற்குத் தொடர்ச்சி மலையின் தோட்டப் பகுதி அது. அங்கே முடியுமானால் இங்கே ஏன் முடியாது?

ஆகவே நாம் கேட்பது இதுதான். உத்தமபாளையம் வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளுக்குப் பொதுவாகப் பத்துப் பந்தய சைக்கிள்களும், சம்பளத்தோடு ஒரு பயிற்சியாளரும் வேண்டும். 2021 முதல் மேகமலை புலிகள் காப்பகம். காட்டுக்குள் பாதை வெட்டச் சொல்லவில்லை, அடிவாரப் புறம்போக்கில் ஒரு வட்டப்பாதை போதும். தேறிய பிள்ளைக்குச் சத்துணவும் பிரயாணச் செலவும், விழுந்தால் முழு வைத்தியமும் சர்க்கார் பொறுப்பு. ஆண் பிள்ளைக்கு எத்தனை இடமோ, பெண் பிள்ளைக்கும் அத்தனை இடம்.

தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் இதை மனுவில் சேர்க்கட்டும். ஜீப்பில் பத்திரமான பிரயாணம் கேட்கும் அதே மனுவில் சேர்க்கட்டும். அம்மா ஜீப்பில் கூலிக்கு ஏறும் மலையில், அவள் மகள் ஒருநாள் தன் சந்தோஷத்துக்காகச் சைக்கிளில் ஏற வேண்டும்.