அறம் ஒப்புவிக்கவா, ஆராயவா?

முருகனுக்கு ஐந்தாம் படைவீடு திருத்தணிகை என்பர் பக்தர். தமிழருக்கோ அது எல்லைப் போரின் படைவீடு! ஊர்தோறும் சென்று தமிழ் கற்பித்த ஆசிரியர் மங்கலங்கிழார் உணர்ச்சியை விதைத்தார், ம. பொ. சிவஞானம் போர்முரசு கொட்டினார், சிறைகள் நிறைந்தன, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தாயகத்தோடு இணைந்தது. மண்ணை மீட்ட அந்தப் போர், தமிழ் வகுப்பிலே கருக்கொண்ட போர்.

இன்றைய வகுப்பிலே அறம் எவ்வாறு பயிலப்படுகிறது? குறள் ஒப்புவித்தல் போட்டி நடைபெறாத உயர்நிலைப் பள்ளி அரிது. 1330 குறளையும் ஒப்புவிக்கும் மாணவருக்கு அரசே பரிசளித்துப் பாராட்டுகிறது. அறத்துப்பால், பொருட்பால் ஆகியவற்றின் 108 அதிகாரங்களையும் பாடத்தில் சேர்த்திடுமாறு 2016-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. மகிழ்கிறோம். ஆயினும் ஒரு கேள்வி: நாவில் ஏறிய குறள் நெஞ்சில் இறங்கிற்றா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரி நமக்கு விடை சொல்லிற்று. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்னும் வள்ளுவத்தைப் பாடமாகக் கொண்ட நாட்டிலே, உடன்பயிலும் மாணவனை அவன் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர் மாணவர்! நீதிபதி சந்துரு குழு 2024-இல் அளித்த அறிக்கை, சாதி காட்டும் கைக்கயிறுகளை விலக்கச் சொன்னது. அறநெறிக்கெனப் பாடவேளை ஒதுக்கவும் சொன்னது. அந்தப் பாடவேளையும் மனப்பாட வேளையாகிவிட்டால், கயிறு கழலும், கறை கழலுமா?

அமெரிக்க நாட்டிலே வேறொரு முறை உண்டு. 1993-இல் இராபர்ட் லேடன்சன் என்னும் பேராசிரியர் கல்லூரி மாணவர்க்கென அறநெறிப் போட்டி ஒன்றைத் தொடங்கினார். 2013 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கும் அது தேசிய அளவில் நடைபெறுகிறது. வாழ்க்கைச் சிக்கல்களை முன்னதாகவே எழுதித் தந்துவிடுவர். பட்டிமன்றம்போல் இந்த அணி இதைத்தான் பேசவேண்டும் என்ற கட்டளை இல்லை. இரு அணியும் ஒரே முடிவுக்கு வரலாம். எதிரணியின் சொல்லைச் செவிமடுத்து, தம் கருத்தைத் திருத்திக்கொள்வோர் மதிப்பிழப்பதில்லை, மதிப்பெண் பெறுகின்றனர்!

திருத்தணியிலே அத்தகைய போட்டி நடந்தால் என்ன கேட்கலாம்? கணவனை இழந்த அண்டைவீட்டு அம்மையார், நியாயவிலைக் கடை அரிசியை மூட்டை கட்டி, இரயிலேறி எல்லைக்கு அப்பால் விற்கிறார். அந்தக் காசிலேதான் மகள் படிக்கிறாள்; அவள் உன் வகுப்புத் தோழி. நீ சொல்வாயா, மறைப்பாயா? “ஊரார் வரிப்பணத்தில் வந்த அரிசி” என்பான் ஒருவன். “லாரியில் கடத்துவோரை விட்டுவிட்டு மடியில் சுமப்பவளைப் பிடிப்பதா?” என்பாள் ஒருத்தி. “அப்பால் உண்பவரும் ஏழைதானே?” என்பான், வீட்டிலே தெலுங்கு பேசும் மாணவன். மூவரும் பேசி, மூவரும் கேட்டு, காரணத்தோடு ஒரு முடிவுக்கு வருவரேல், அன்றைக்குக் குறள் வகுப்பறையில் உயிர்பெற்று உலவும்!

அறத்தை ஆராய்தல் இந்த ஊருக்குப் புதிதன்று. 1888-இல் இங்கே பிறந்த இராதாகிருஷ்ணன், வேதாந்தத்திலே அறத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டைச் செவியுற்று, மாணவப் பருவத்திலேயே அதனை ஆராய்ந்து 1908-இல் ஆய்வுரை எழுதினார். அவர் கண்ட முடிவு பகுத்தறிவாளர் ஏற்கும் முடிவன்று. கேள்விக்கு அஞ்சாத நெஞ்சம் எவரும் போற்றத்தக்கது. 1949-இல் பெரியார் திருக்குறள் மாநாடு கூட்டியதும் குறளைப் பூசிப்பதற்காக அன்று; அறிவோடு பயில்வதற்காகவே.

மனனம் வேண்டாமா? வேண்டும். விதை இல்லாமல் விளைச்சல் ஏது? ஆனால் விதையை எண்ணிக் காட்டியவனுக்கே பரிசு என்றால், உழுபவன் யார்?

ஆகவே இயக்கத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிளைகள்தோறும் நடத்தும் குறள் போட்டிகளில் பாதிப் பரிசை ஆராய்வோர்க்கு ஒதுக்குங்கள். சிந்திக்கக் கற்ற பிள்ளைகள், “மேடையிலே சமத்துவம் பேசும் நீங்கள், சாதி பார்த்து வேட்பாளரை நிறுத்துவது அறமா?” என்று நம்மையே கேட்பார்கள். கேட்கட்டும்! அந்தக் கேள்விக்கு நாணாமல் விடை சொல்லும் நிலையிலே இயக்கத்தை வைத்திருப்பது நம் கடன்.